“இல்ல சார், தூக்க முடியாது!” - 200 அடி உயரத்தில் டவர் கிரேன் ஆபரேட்டர் பார்க்கும் வேலை இதுதான்!

கிரேன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? தலைவர் வரும் வழியில் கிரேனில் தொங்கும் ராட்சத ஆப்பிள் மாலையா, கோயில் திருவிழாவில் அலகு குத்தி அந்தரத்தில் மிதந்து வரும் பறவைக் காவடியா, மெட்ரோ வேலைக்காகப் பாதி ரோட்டை மறித்துக்கொண்டு நிற்கும் மஞ்சள் பூதமா?

இதையெல்லாம் விட உயரமான ஒன்றை நாம் தினமும் பார்க்கிறோம், ஆனால் கவனிப்பதில்லை. அதுதான் டவர் கிரேன். ஓ.எம்.ஆர் பக்கம் போனால் பாதி கட்டிய அபார்ட்மென்ட் ஒவ்வொன்றின் தலைக்கு மேலேயும் நீளமாகக் கை நீட்டிக்கொண்டு நிற்குமே, அதேதான்.

எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அப்படி மூன்று தெரியும். ஒருநாள் சாயங்காலம் மழை வரும்போல இருக்கிறதே என்று துணி எடுக்க ஓடினேன். நல்ல காற்று. சைட்டில் வேலை முடிந்து, ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். ஆனால் ஒரு கிரேன் மட்டும் மெதுவாக, தானாகவே சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் மூன்று கிரேனுமே ஒரே திசையைப் பார்த்து நிற்கின்றன. ‘பிரேக் போட மறந்துட்டாங்களோ?’ என்று எனக்கு பக்கென்று இருந்தது.

யாரும் மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் அப்படி விட்டிருந்தார்கள். ஏன் என்று தேட ஆரம்பித்தபோதுதான், அந்தச் சின்னக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவரின் வேலையைப் பற்றி நான் நினைத்திருந்ததெல்லாம் தப்பு என்று புரிந்தது. வெயிட்டைத் தூக்குவதுதான் அவர் வேலை என்று நினைத்திருந்தேன். உண்மையில், எதை, எப்போது தூக்கக் கூடாது என்று சொல்வதுதான் அவருடைய வேலையில் கஷ்டமான பாதி.

கூண்டுக்குள் ஒரு ஆள்

60 மீட்டர் உயர கிரேன் என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட 200 அடி, அதாவது 20 மாடி. ஆபரேட்டர் மேலே போவதற்குப் பெரும்பாலும் லிஃப்ட் எல்லாம் கிடையாது. மாஸ்ட் எனப்படும் அந்த இரும்புத் தூணுக்குள்ளேயே ஏணி இருக்கும். அதில் ஏறி, நடுவில் உள்ள தட்டுகளில் நின்று மூச்சு வாங்கி, மறுபடி ஏற வேண்டும். சாப்பாடு, தண்ணீர் பாட்டில், வாக்கி-டாக்கி எல்லாம் கூடவே போகும்.

மேலே டாய்லெட் கிடையாது. ஒவ்வொரு முறையும் இறங்கி ஏறினால் கீழே மொத்த சைட்டும் காத்திருக்கும். அதனால் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள், இல்லாவிட்டால் காலி பாட்டில்தான். புது கிரேன்களில் ஏ.சி கேபின் வந்துவிட்டது. பழசில் நம்ம ஊர் மே மாத வெயிலும் இரும்புத் தகடும்தான். தரையில் காற்றே இல்லாத நாளிலும் மேலே கேபின் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் விடப் பெரிய கஷ்டம், நாள் முழுக்கத் தனியாக இருப்பது. மனிதக் குரல் என்றால் வாக்கி-டாக்கியில் வருவது மட்டும்தான்.

உலகப் போருக்குப் பிறகு இடிந்துபோன ஜெர்மனியை வேகமாகத் திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது. அப்போது, 1949-ல் ஹான்ஸ் லீபெர் என்பவர், சைட்டுக்கு சைட் எளிதாகக் கொண்டுபோய் மாட்டக்கூடிய டவர் கிரேனை உருவாக்கினார். இன்று நகரங்களில் நாம் பார்க்கும் கிரேன்கள் அந்தப் பரம்பரைதான்.

சரி, கட்டடம் வளர வளர கிரேனும் எப்படி வளர்கிறது? எல்லோருக்கும் வரும் சந்தேகம் இது. மாஸ்ட்டைச் சுற்றி ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டுவார்கள். அதிலிருக்கும் ஹைட்ராலிக் ஜாக்கி, கிரேனின் தலைப்பகுதியை மட்டும் மெல்ல மேலே தள்ளும். நடுவில் இடைவெளி வந்ததும், புது மாஸ்ட் துண்டு ஒன்றை உள்ளே செருகி போல்ட் போடுவார்கள். தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கழுத்துக்குக் கீழே புதிதாக ஓர் எலும்பை வைக்கிற மாதிரி. குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் போனால், கிரேனைக் கட்டடத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். வேலை முடிந்ததும் இதையே தலைகீழாகச் செய்து இறக்குவார்கள்.

கேன் தண்ணி கணக்கு

‘இந்த கிரேன் எத்தனை டன் தூக்கும்?’ என்று கேட்டால், ஒரே எண்ணில் பதில் சொல்ல முடியாது. ‘எவ்வளவு தூரத்தில்?’ என்றுதான் ஆபரேட்டர் திருப்பிக் கேட்பார்.

வீட்டில் 20 லிட்டர் கேன் தண்ணி போடுவீர்கள்தானே? அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினால் நாலு படி ஏறிவிடலாம். அதே கேனைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள் பார்ப்போம். பத்து செகண்டில் உடம்பு முன்னால் சாயும். கேன் எடை மாறவில்லை, உங்களிடமிருந்து அது இருக்கும் தூரம்தான் மாறியது. எடையைத் தூரத்தால் பெருக்கினால் வருவதுதான் உங்களைக் கவிழ்க்கப் பார்க்கும் சக்தி.

கிரேனும் இப்படித்தான். நீளமான கையின் பெயர் ஜிப். அதன் அடியில் டிராலி என்ற வண்டி முன்னும் பின்னும் ஓடும். டிராலியிலிருந்துதான் ஹூக் தொங்கும். ஜிப்புக்கு எதிர்ப்பக்கம், முதுகுக்குப் பின்னால் கான்கிரீட் பிளாக்குகள் தொங்குகின்றன பாருங்கள், அவைதான் எதிர்ப்பாரம். தாத்தா காலத்து ஏற்றத்தில் ஒருபக்கம் சால், மறுபக்கம் ஆள் ஏறி மிதிப்பார்களே, அதே தத்துவம். ஹூக்கில் எதுவும் இல்லாதபோது கிரேன் பின்பக்கமாக இழுபடும். வெயிட் ஏறியதும் முன்பக்கம் இழுபடும். இரண்டுக்கும் நடுவில்தான் மொத்தப் பிழைப்பும்.

அதனால் ஒவ்வொரு கிரேனுக்கும் லோடு சார்ட் என்ற அட்டவணை உண்டு. நடுத்தர கிரேன் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மாஸ்ட்டிலிருந்து 18 மீட்டருக்குள் 6 டன் தூக்கும். 35 மீட்டரில் அது 2.8 டன்னாகக் குறையும். 50 மீட்டரில் வெறும் 1.8 டன்தான். அதே மெஷின், அதே மோட்டார்தான். டிராலி வெளியே நகர நகர கிரேனின் பலம் கரைந்துகொண்டே போகிறது.

லோடு சார்ட்டை மீறாமல் இருக்க கிரேனிலேயே லிமிட்டர் இருக்கும். எல்லையைத் தொட்டதும் அலாரம் அடிக்கும், அதற்கு மேல் டிராலி வெளியே போகாது. ‘அப்புறம் என்ன, மெஷினே பார்த்துக்குமே?’ என்கிறீர்களா? வாருங்கள், ஒரு சைட்டுக்குப் போவோம்.

நாலரை மணி கான்கிரீட்

இது கற்பனை சைட்தான். ஆனால் இதில் வரும் கணக்கு எல்லா சைட்டுக்கும் பொருந்தும்.

சாயங்காலம் நாலரை. 6 கியூபிக் மீட்டர் கான்கிரீட்டோடு ரெடிமிக்ஸ் லாரி வந்து நிற்கிறது. கலந்ததிலிருந்து சுமார் 2 மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும் என்பது பொதுவான விதி. டிராஃபிக்கிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது. மிச்சம் 60 நிமிடம்.

கொட்ட வேண்டிய தூண்கள் கிரேனிலிருந்து 50 மீட்டர் தூரத்தில் இருக்கின்றன. பக்கெட்டில் 1 கியூபிக் மீட்டர் பிடிக்கும். ஒரு கியூபிக் மீட்டர் கான்கிரீட் சுமார் 2.4 டன், பக்கெட்டின் எடை 300 கிலோ, ஆக 2.7 டன். ஆனால், 50 மீட்டரில் நம்ம கிரேனின் எல்லை 1.8 டன். ஆகவே, பாதி பக்கெட்தான் அனுப்ப முடியும்.

ஒரு நடைக்கு 6 நிமிடம் என்றால், முழு பக்கெட்டாக 6 நடைக்கு 36 நிமிடம் போதும். பாதி பக்கெட்டாக 12 நடைக்கு 72 நிமிடம் ஆகும். அதற்கு நேரம் இல்லை.

கீழேயிருந்து வாக்கி-டாக்கியில் இன்ஜினீயர் கூப்பிடுகிறார்.

“அண்ணே, ஃபுல் பக்கெட் போட்டு அனுப்புறேன். லிமிட்டரை பைபாஸ் பண்ணிக்கங்க.”

“முடியாது சார். 50 மீட்டர்ல பாதிதான்.”

“ஒரு நாளைக்குத்தானே? போன சைட்ல எல்லாம் பண்ணினாங்களே. கம்பெனிக்காரன் கொஞ்சம் எக்ஸ்ட்ரா கெபாசிட்டி வெச்சுத்தான் செஞ்சிருப்பான்.”

“இல்ல சார், தூக்க முடியாது.”

இன்ஜினீயர் வில்லன் இல்லை. அவருக்கு மேலே புராஜெக்ட் மேனேஜர், அவருக்கும் மேலே டெட்லைன். அவர் சொல்வதில் ஒரு பாதி உண்மையும் இருக்கிறது. எந்த கிரேனும் சார்ட்டில் போட்ட எண்ணைத் தாண்டிய அடுத்த கிலோவிலேயே விழுந்துவிடாது. கூடுதல் பலம் வைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால், அந்தக் கூடுதல் நமக்காக வைத்தது அல்ல. திடீரென்று வீசும் காற்று, பிரேக் போட்டதும் பக்கெட் குலுங்குவது, போல்ட்டும் கம்பி வடமும் தேய்வது, இதற்கெல்லாம் ஒதுக்கி வைத்தது. அதை நாம் செலவு செய்துவிட்டால், காற்று வரும்போது கொடுக்கக் கையில் எதுவும் இருக்காது.

இதில் இன்னொரு ஆபத்து, முதல் தடவை பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதனால்தான் இரண்டாவது தடவை நடக்கிறது.

சரி, அண்ணன் மறுத்ததால் என்ன நஷ்டம்? 60 நிமிடத்தில் 10 பாதி பக்கெட் போய்விடும். அதாவது 5 கியூபிக் மீட்டர். மிச்சம் 1 கியூபிக் மீட்டர் கான்கிரீட் வீண். அதன் விலை சில ஆயிரம் ரூபாய். கடைசித் தூணை நாளைக்கு ஊற்றிக்கொள்ளலாம். தராசின் இந்தத் தட்டில் இருப்பது அவ்வளவுதான். அந்தத் தட்டில் இருப்பது கீழே வேலை பார்க்கும் அத்தனை பேர், ரோட்டில் போகும் நாம், மேலே உட்கார்ந்திருக்கும் அவர்.

கணக்காகப் பார்த்தால் எளிதுதான். ஆனால், நம்ம ஊரில் கிரேன்கள் பெரும்பாலும் வாடகைக்கு வருபவை. ஆபரேட்டரும் வாடகை கம்பெனியின் ஆள். சைட்டில் அவர் வெளியாள். ‘இவன் வேண்டாம், வேற ஆளை அனுப்பு’ என்று ஒரு போன் போட்டால் போதும். இது தெரிந்தும் அவர் ‘முடியாது’ என்கிறார். அந்த ஒரு வார்த்தைக்கு இவ்வளவு விலை இருக்கிறது.

ஹாபிஸ்... ஆரியா...

கிரேன் ஓட்டுவது தனி ஆள் வேலை மாதிரி தெரியும். கீழே ஒரு டீமே இருக்கிறது. வெயிட்டைக் கட்டி ஹூக்கில் மாட்டுபவர் ரிக்கர். மேலே இருப்பவருக்குச் சைகையும் குரலும் கொடுப்பவர் சிக்னல்மேன்.

ரிக்கர் வேலையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒரு கனமான பையின் இரண்டு காதுகளை ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நண்பரோடு நடந்து பாருங்கள். இருவரும் ஒட்டி நடந்தால் சுமை குறைவு. விலகி விலகி நடந்தால் கை பிய்ந்துவிடும். கிரேனில் கட்டும் ஸ்லிங் கயிறும் அப்படித்தான். இரண்டு கயிறுகளும் ஒன்றுக்கொன்று 120 டிகிரி விரிந்திருந்தால், ஒவ்வொரு கயிறும் பாதி எடையை அல்ல, முழு எடையையும் இழுக்க வேண்டியிருக்கும். 2 டன் கம்பிக்கட்டைத் தப்பான கோணத்தில் கட்டினால், கிரேன் தாங்கும், கயிறு தாங்காது.

அடுத்து பாஷை. நம்ம சைட்களில் தமிழ், இந்தி, பெங்காலி, ஒடியா எல்லாம் கலந்து ஓடும். ஆனால் துறைமுகத்திலும் சைட்டிலும் பழைய ஆட்களிடம் ஒரு பொதுப் பாஷை உண்டு. மேலே தூக்க ‘ஹாபிஸ்’, கீழே இறக்க ‘ஆரியா’. ஊருக்கு ஊர் உச்சரிப்பு கொஞ்சம் மாறும். இதில் ‘ஆரியா’ என்பது, இறக்கு என்று அர்த்தம் தரும் ‘அர்ரியார்’ என்ற போர்ச்சுக்கீசிய வார்த்தையிலிருந்து வந்தது. பாய்மரக் கப்பல் காலத்து மாலுமிகளின் கட்டளை, இன்று வாக்கி-டாக்கியில் கேட்கிறது!

கைச் சைகைகளும் உண்டு. ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே காட்டிச் சுற்றினால் இறக்கு. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி ஆட்டினால் அவசரமாக நிறுத்து.

இங்கேதான் கிரேன் உலகத்தின் அழகான விதி ஒன்று வருகிறது. தூக்கு, இறக்கு, திருப்பு என்ற சைகைகளை நியமிக்கப்பட்ட சிக்னல்மேன் மட்டும்தான் தர வேண்டும். வேறு யார் கையாட்டினாலும் ஆபரேட்டர் கண்டுகொள்ளக் கூடாது, அது முதலாளியாகவே இருந்தாலும்! ஆனால், ‘நிறுத்து’ என்ற சைகையை மட்டும் யார் வேண்டுமானாலும் தரலாம். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன் கையைக் காட்டினாலும் கிரேன் நின்றாக வேண்டும். ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

கட்டடம் வளர்ந்துவிட்டால் மறுபக்கம் இறங்கும் வெயிட் ஆபரேட்டர் கண்ணுக்கே தெரியாது. அப்போது சிக்னல்மேனின் குரல்தான் கண். ‘ஆரியா... ஆரியா... மெதுவா... இன்னும் ஒரு மீட்டர்...’ என்று அவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால், ஆபரேட்டரின் கையும் நிற்க வேண்டும். பேட்டரி தீர்ந்திருக்கலாம், ஆளுக்கே ஏதாவது ஆகியிருக்கலாம். தெரியாதவரைக்கும் ‘நிறுத்து’ என்றுதான் அர்த்தம்.

ஊஞ்சலைப் பிடிக்கும் வித்தை

புது ஆபரேட்டருக்கும் அனுபவசாலிக்கும் என்ன வித்தியாசம்? ஹூக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கயிற்றில் தொங்கும் எதுவும் ஊஞ்சல்தான். டிராலியைச் சட்டென்று நிறுத்தினால் வெயிட் முன்னால் வீசும், பிறகு பின்னால் வரும். கயிறு நீளமாக இருந்தால் ஆட்டமும் நிதானமாக, நீண்ட நேரம் இருக்கும்.

புதிதாக வந்தவர் ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து எதிர்ப்பக்கம் இழுப்பார். ஆட்டம் இன்னும் அதிகமாகும். தெரிந்தவர் வெயிட் எந்தப் பக்கம் வீசுகிறதோ, அந்தப் பக்கமே டிராலியை நகர்த்துவார். வெயிட் கடைசி எல்லையைத் தொடும் நொடியில் டிராலி சரியாக அதன் தலைக்கு மேலே போய் நிற்கும். ஆட்டம் அப்படியே அடங்கிவிடும். அழும் குழந்தையைத் திட்டாமல், கூடவே நாலு எட்டு நடந்து சமாதானம் பண்ணுகிற மாதிரிதான். இதைப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது, கைக்கு வர வேண்டும்.

காற்றுக்கு முன்னால்

இப்போது என் மொட்டை மாடிச் சந்தேகத்துக்கு வருவோம்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது தள்ளும் விசை இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்காகும். மணிக்கு 36 கி.மீ வேகத்தில் சமாளித்த கிரேன், 72 கி.மீ வேகத்தில் நாலு மடங்கு தள்ளலைச் சந்திக்கும். பல டவர் கிரேன்களுக்கு வேலை செய்யும் உச்ச வரம்பே அந்த 72 கி.மீதான். ஷட்டரிங் பலகை மாதிரி அகலமான பொருளைத் தூக்கும்போது அதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். பலகை பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் கிரேனின் உச்சியில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி சுற்றிக்கொண்டே இருக்கிறது.

வேலை முடிந்து இறங்கும்போது, ஆபரேட்டர் செய்ய வேண்டிய முக்கியமான காரியம், ஜிப்பைச் சுழற்றும் பிரேக்கை விடுவித்துவிடுவது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கிரேன் தானாகத் திரும்பி, காற்று போகும் திசையில் கையை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில்தான் காற்று அதைக் குறைவாகத் தள்ளும். பிரேக் போட்டு இறுக்கிவைத்தால், 50 மீட்டர் நீளக் கையின் பக்கவாட்டில் மொத்தக் காற்றும் மோதும்.

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்டது ஞாபகம் இருக்கும். மணிக்கு 100 கி.மீக்கும் அதிகமான வேகத்தில் அடித்த காற்று, ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. மரம் காற்றோடு சேர்ந்து திரும்ப முடியாது. கிரேனால் முடியும், அவிழ்த்துவிட்டிருந்தால்.

நான் அன்றைக்குப் பார்த்தது இதைத்தான். யாரோ ஒருவர் சரியாக வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்.

நிறுத்தாத இடங்களில்

2015 செப்டம்பர் 11-ம் தேதி, மெக்கா பெரிய பள்ளிவாசலில் விரிவாக்கப் பணிக்காக நின்றிருந்த பிரமாண்டமான கிரேன், புயல் காற்றில் சரிந்து விழுந்தது. 100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது டவர் கிரேன் இல்லை, சங்கிலிச் சக்கரத்தில் நகரும் வகை. ஆனால் பாடம் ஒன்றுதான். வேலை செய்யாமல் நிற்கும்போதும் கிரேனுக்குக் காற்று எதிரிதான்.

நம்ம ஊருக்கு வருவோம். 2023 ஜனவரி 22-ம் தேதி, ராணிப்பேட்டை மாவட்டம் நெமிலி அருகே கீழ்வீதி கிராமத்தில் கோயில் திருவிழா. சாமிக்கு மாலை போட ஆட்களை ஏற்றிச் சென்ற கிரேன் கூட்டத்துக்கு நடுவே கவிழ்ந்தது. உயிர்கள் போயின. திருவிழாவுக்கு வந்தவர்கள் வீட்டில் இழவு விழுந்தது.

லாரி மாதிரி ஓடிவரும் மொபைல் கிரேன், நம்ம ஆட்கள் ‘ஹைட்ரா’ என்று கூப்பிடும் சின்ன கிரேன், இதிலெல்லாம் ஆபத்து காலுக்குக் கீழே இருக்கிறது. மண் இளகலாக இருந்தாலோ, தரை ஒருபக்கம் சரிந்திருந்தாலோ, லோடு சார்ட்டில் இருக்கும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. சமமான, கெட்டியான தரையில் நிற்கும்போது எவ்வளவு தூக்கலாம் என்பதுதான் அந்தக் கணக்கு. தவிர, பொருளைத் தூக்கச் செய்த மெஷினில் ஆளைத் தூக்குவது வேறு விஷயம். ஆட்களுக்கென்றே கூண்டு, தனி ஏற்பாடு எல்லாம் வேண்டும். திருவிழாவிலும் மாநாட்டிலும் சுற்றி ஆயிரம் பேர் கைதட்டிக்கொண்டிருக்கும்போது, ‘இங்கே வண்டியைப் போட முடியாது’ என்று ஒரு டிரைவர் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

இந்த வேலைக்குப் போகணும்னா?

பெரும்பாலும் எல்லோரும் கீழேயிருந்துதான் ஏறுகிறார்கள். முதலில் ஹெல்ப்பர், அப்புறம் ரிக்கர், சிக்னல்மேன், கடைசியில் கூண்டு. இதுதான் நல்ல வழியும்கூட. கீழே நின்று கட்டத் தெரிந்தவருக்குத்தான், மேலே இருந்து பார்க்கும்போது கட்டு சரியில்லை என்று தெரியும். உயரம் பயம் கூடாது, கண்ணும் காதும் சரியாக இருக்க வேண்டும், தூரத்தைக் கண்ணால் அளக்கத் தெரிய வேண்டும். இந்தியாவில் கட்டுமான இயந்திர ஆபரேட்டர்களுக்கான பயிற்சித் தரங்களை வகுக்க, ஐ.இ.எஸ்.சி என்ற திறன் கவுன்சில் இருக்கிறது. அதன் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையமா என்று பார்த்துச் சேருங்கள். ரோட்டில் ஓடும் மொபைல் கிரேனுக்கு அந்த வகை வண்டிக்கான டிரைவிங் லைசென்ஸும் தேவை.

நம்ம பையன்கள் பலருடைய கனவு சிங்கப்பூர். அங்கே கட்டுமானத் துறையில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். டவர் கிரேன் ஆபரேட்டர் அங்கே மனிதவள அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 2011-ல் வந்த கிரேன் விதிமுறைகளின்படி, தூக்கும் வேலைக்கு முன்கூட்டியே எழுதிய திட்டம் வேண்டும். மேற்பார்வையாளர், ரிக்கர், சிக்னல்மேன் எல்லோரும் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். இதனால் என்ன லாபம்? ஆபரேட்டர் ‘முடியாது’ என்று சொன்னால், அது அவருடைய பிடிவாதமாகத் தெரியாது. பின்னால் ஒரு காகிதமும் ஒரு சட்டமும் நிற்கும்.

வெளிநாட்டு வேலைக்கு ஏஜென்ட்டிடம் பணம் கொடுக்கும் முன், அவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்துவிடுங்கள். ‘ட்ரெயினிங் வேணாம், சர்டிஃபிகேட் மட்டும் வாங்கித் தர்றேன்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அந்தக் காகிதத்தை நம்பி 50 பேர் ஹூக்குக்குக் கீழே நிற்பார்கள்.

பெண்கள்? பக்கத்து மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. கேரளாவின் விழிஞ்ஞம் துறைமுகத்தில், கன்டெய்னர் யார்டு கிரேன்களைப் பெண்கள் இயக்குகிறார்கள். ஏணி ஏறி கூண்டுக்குப் போகாமல், கன்ட்ரோல் ரூமில் திரையைப் பார்த்தபடி ஜாய்ஸ்டிக்கால்! உயரம், வெயில், டாய்லெட் இல்லாத கஷ்டம் எல்லாம் இதில் போய்விடுகிறது. ஆனால், திரைக்கு முன்னால் உட்கார்ந்தாலும் ‘நிறுத்து’ என்று முடிவெடுக்கும் வேலை மாறப்போவதில்லை.

கீழே நிற்கும் நமக்கு...

நமக்கும் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். தொங்கும் வெயிட்டுக்குக் கீழே நிற்காதீர்கள், நடக்காதீர்கள், ரீல்ஸ் எடுக்காதீர்கள். வெயிட் நேர் கீழேதான் விழும் என்றும் இல்லை. அது ஊஞ்சல், தள்ளியும் வீசும். தெருவில் மொபைல் கிரேன் வேலை செய்யும்போது அதன் கை மின்கம்பியைத் தொட்டுவிட்டால், காப்பாற்றுகிறேன் என்று ஓடிப்போய் வண்டியைத் தொடாதீர்கள். சுற்றியுள்ள தரையிலும் மின்சாரம் பரவியிருக்கலாம். விலகி நின்று, மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லி போன் செய்யுங்கள். தீப்பிடிக்காதவரை, டிரைவர் உள்ளேயே இருப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

உங்கள் வீட்டு விசேஷத்துக்கோ, ஊர்த் திருவிழாவுக்கோ, புது வீட்டுக்குத் தண்ணீர் டேங்க் ஏற்றவோ கிரேன் கூப்பிட்டிருக்கிறீர்களா? வந்த டிரைவர் இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘இல்லண்ணே, இந்தத் தரையில வேண்டாம்’ என்றால், ‘வேற ஆளே கிடைக்கலையா?’ என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். வாடகையைக் கொடுத்து, ஒரு டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். அன்றைக்கு அவர் செய்தது முழு வேலைதான்.

இப்போதெல்லாம் துணி எடுக்க மாடிக்குப் போகும்போது நானும் ஒரு நிமிஷம் நிற்கிறேன். காற்று அடிக்கிறது. மூன்று கிரேனும் மெதுவாகத் திரும்புகின்றன. பரவாயில்லை, மூன்று பேரும் பிரேக்கை விட்டுவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார்கள்.